திரும்பி வர வழி இருக்கா? அப்போ நீங்களே பண்ணுங்க

கிட்டார் ரிப்பேர்னு பேச்சு வந்தாலே நம்ம ஹாஸ்டலில் ரெண்டு கட்சி. "ஸ்ட்ரிங் மாத்துறதுக்கே கடைக்குப் போயிடுடா, கை வச்சா கெட்டுப் போயிடும்" என்பது ஒரு கட்சி. "யூட்யூப்ல எல்லாம் இருக்கு மச்சி, கடைக்காரன் சும்மா காசு புடுங்குறான்" என்பது இன்னொரு கட்சி. ரெண்டு பேரோடயும் எனக்கு உடன்பாடு இல்லை. எதை நாமே செய்யணும், எதுக்குக் காசு கொடுக்கணும் என்பதை பில் தொகையை வச்சு முடிவு பண்ணக் கூடாது. கை தவறினால் என்ன போகும் என்பதை வச்சுதான் முடிவு பண்ணணும்.

இதுல என்ன அவ்வளவு பெரிய விஷயம்னு கேட்கலாம். ஒவ்வொரு ஃப்ளோரிலும் தூசி படிஞ்சு ஒரு கிட்டாராவது கிடக்கு. முதல் வருஷம் ஆசையா வாங்கினது. ஓனரைக் கேட்டால், "விரல் வலிக்குதுடா, நமக்கெல்லாம் வராது" என்பார். அப்படி நான் எடுத்துப் பார்த்தவற்றில் பலதிலும் 12-வது ஃப்ரெட் மேலே ஸ்ட்ரிங் 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்க வசதி. 3.5-ல் எஃப் கார்டு பிடிக்க, நல்லா வாசிக்கிறவனே திணறுவான். ஒருத்தன் தனக்குத் திறமையே இல்லைன்னு முடிவு பண்ணி விட்டுட்டான், ஆனா பிரச்சனை வெறும் ஒரு மில்லிமீட்டர்! அதைச் சரி பண்ணாம இருக்க ரெண்டே காரணம்: கடைக்குக் காசு இல்லை, தானே தொட பயம்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். என் ரூம்மேட்டின் கிட்டார் விலை 4,500 ரூபாய். புது ஸ்ட்ரிங் போட்டு செட்டப் பண்ணித் தர கடையில் கேட்டது 1,200. ரெண்டு பஸ் மாறிப் போய் கொடுத்துட்டு, அடுத்த வாரம் மறுபடி போய் வாங்கணும். நாங்களே பண்ணினோம். ஸ்ட்ரிங் செட் 450, ஆலன் கீ செட் 150, ஸ்டீல் ஸ்கேல் 50, உப்புத்தாள் 20. மொத்தம் 670. அடுத்த தடவை ஸ்ட்ரிங் மட்டும்தான் செலவு, மற்றதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும்.

செய்தது என்ன? முதலில் நெக் வளைவு. லைட் கேஜ் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து அக்கூஸ்டிக் நெக்கை ஏறக்குறைய 70 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். அதுக்கு எதிரா நெக்குக்குள்ள ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதுதான் ட்ரஸ் ராட். விலை குறைந்த சில கிட்டார்களில் இருக்காது, முதலில் பார்த்துக்கோங்க. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, நெக் பாடியில் சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்துங்க. இப்போ 7-வது ஃப்ரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங் எவ்வளவு இடைவெளி விடுதுன்னு பாருங்க. ஃபீலர் கேஜ் இல்லையா? ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர். ரெண்டு மூணு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். அதுக்கு மேலே இருந்தால் ஆலன் கீயை வலஞ்சுழியா கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி ட்யூன் பண்ணி, மறுபடி அளக்கணும். சரியா வரலைன்னா அதே கால் சுற்றைத் திருப்பி விட்டுடலாம். சைஸ் சரியாப் பொருந்தாத கீயை மட்டும் போடாதீங்க. உள்ளே இருக்கும் நட் வழுக்கிப் போச்சுன்னா, சின்ன வேலை பெரிய செலவாயிடும். இறுக்கமா முரண்டு பிடிச்சாலும் அங்கேயே நிறுத்திடுங்க.

அடுத்து சாடில். 12-வது ஃப்ரெட் நட்டுக்கும் சாடிலுக்கும் சரியா நடுவில் இருக்கு. சிமிலர் ட்ரையாங்கிள் ஞாபகம் இருக்கா? ஆக்‌ஷனை அரை மில்லிமீட்டர் குறைக்க, சாடிலை ஒரு மில்லிமீட்டர் குறைக்கணும். சாடிலைக் கழற்றி, அடிப்பக்கத்தை சமதளத்தில் வச்ச உப்புத்தாளில் தேய்க்கணும். தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாதேன்னு கேட்பீங்க. முடியாதுதான். ஆனா போனால் போறது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, வேறு வாங்கிக்கலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் இந்த வேலைக்குத் தேய்க்கவே வேண்டாம், பெரும்பாலும் ஸ்க்ரூதான். லூஸான ஜாக், விட்டுப் போன ஒயர் எல்லாம் லேபில் சால்டரிங் பழகின யாருக்கும் அரை மணி நேர வேலை.

இப்போ மறுபக்கம். ஃப்ரெட் லெவலிங், நட் ஸ்லாட் ஆழப்படுத்துறது, மேலெழும்பின பிரிட்ஜை மறுபடி ஒட்டுறது. இந்த மூணிலும் கை வைக்காதீங்க. ஃப்ரெட்டில் அரம் போட்டுத் தேய்ச்ச உலோகம் திரும்ப வராது. ஒரு ஃப்ரெட் மட்டும் அதிகமா தாழ்ந்துட்டா, மற்ற எல்லாத்தையும் அதுக்குச் சமமா இறக்கணும். நட் ஸ்லாட்டுக்கு ஒவ்வொரு ஸ்ட்ரிங் தடிமனுக்கும் ஏத்த தனித்தனி அரம் வேணும். ஒரே ஒரு கிட்டாருக்காக அதையெல்லாம் வாங்கினால் கடைக் கூலியை விடக் கூடுதலா ஆகும். பிரிட்ஜைக் கையில் கிடைச்ச பசையை வச்சு ஒட்டினால், அந்த 70 கிலோ இழுப்பில் மறுபடி எழும்பும். அப்புறம் சரி பண்ண வர்றவர் உங்க பசையைச் சுரண்டி எடுக்கவே தனியா கூலி கேட்பார், நியாயமாத்தான் கேட்பார்.

"அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்று கடையில் பேரம் பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் கூலியில் அவர் வாங்கிப் போட்ட டூல்ஸ் இருக்கு, அந்த அரை மணியில் முடிக்கப் பழகின வருஷங்கள் இருக்கு. அவர் கையில் இருக்கும்போது நெக் உடைஞ்சால் அவர்தான் பதில் சொல்லணும், அந்தப் பொறுப்பும் இருக்கு. நாளைக்கு நாமளும் ஏதோ ஒரு கம்பெனியில் நம்ம நேரத்துக்கும் அனுபவத்துக்கும்தான் சம்பளம் கேட்கப் போறோம். ஸ்க்ரூ திருகுற வேலைக்கு அவரைத் தேடாதீங்க. அரம் பிடிக்கிற வேலைக்குப் போனால் பேரம் பேசாதீங்க.

மூணாவது வகையும் ஒண்ணு உண்டு. சாடிலைத் தேய்ச்சுத் தேய்ச்சு இனிமே இறக்க இடமே இல்லை, நெக்கும் நேரா இருக்கு, ஆனா ஆக்‌ஷன் இன்னும் உயரம்தான். அப்போ நெக்கின் கோணமே மாறியிருக்கலாம். நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்துற வேலைக்கு, 4,500 ரூபாய் கிட்டாரின் விலையை விட அதிகமா ஆகலாம். அதுல காசு போடுறது பாசம், கணக்கு இல்லை. பாசத்துக்குச் செலவு பண்றதும் உங்க இஷ்டம். ஆனா தெரிஞ்சு பண்ணுங்க.

கடைசியா மியூசிக் கிளப்புக்கு ஒரு கோரிக்கை. ஒருத்தருக்காக வாங்கினால் வீணாத் தெரியும் டூல்ஸ், இருபது கிட்டாருக்குப் பொதுவா இருந்தால் ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான் வரும். ஒரு ஆலன் கீ செட், ஃபீலர் கேஜ், ஸ்ட்ரிங் வைண்டர், கட்டர், சால்டரிங் அயர்ன். ஒரு டப்பாவில் போட்டு கிளப் ரூமில் வைங்க. செமஸ்டருக்கு ஒரு சனிக்கிழமை, தெரிஞ்ச சீனியர் பக்கத்தில் உட்கார, ஜூனியர்ஸ் தங்கள் கிட்டாரைத் தாங்களே அளக்கட்டும். அரம் மட்டும் அந்த டப்பாவில் வேண்டாம்.

"நமக்கு வராது"ன்னு ஒரு கிட்டாரை ஓரம் கட்டுறதுக்கு முன்னாடி, 12-வது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க. அதுக்குப் பத்து பைசா செலவில்லை.