படிக்கவா, விளையாடவா?

“நீ படிக்க வந்தாயா, விளையாட வந்தாயா?” பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதலாண்டிலேயே இந்தக் கேள்வி என்னைத் துரத்தியது. வீட்டில் அம்மா கேட்டார். விடுதியில் மூத்த மாணவர்கள் கேட்டார்கள். பதில் தெரியாமல், இரண்டாம் ஆண்டில் ஹாக்கி மட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அதனால் மதிப்பெண் கூடியதா என்றால், அதுவும் இல்லை!

எனக்கான பதில் பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பனித்தளம் ஒன்றிலிருந்து கிடைத்தது.

அங்கே கல்லூரி ஆடவருக்கான தேசியப் பனி ஹாக்கிப் போட்டி 1948 முதல் நடைபெற்று வருகிறது. 2003 முதல் 16 அணிகள் மோதுகின்றன. ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எஞ்சும் நான்கு அணிகள் ஏப்ரலில் ஒரே நகரில் கூடுகின்றன. இதற்காகவே பல பல்கலைக்கழகங்கள் உபகாரச் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கின்றன.

2013இல் கோப்பையை வென்றது யேல் பல்கலைக்கழகம். அங்கு விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது. 16 அணிகளில் அது 15ஆம் இடத்தில்தான் உள்ளே நுழைந்தது. இறுதியாட்டத்தில் எதிரே நின்ற குவினிபியாக், அதே பருவத்தில் யேலை மூன்று முறை தோற்கடித்த அண்டை ஊர் அணி. நான்காம் முறை யேல் 4-0 என வென்றது.

மறு ஆண்டு யூனியன் கல்லூரி. அப்போது சுமார் 2,200 மாணவர்களே படித்த சிறிய கல்லூரி. அன்று அங்கும் விளையாட்டுக்கு உபகாரச் சம்பளம் இல்லை. ஐந்து முறை பட்டம் வென்றிருந்த மினசோட்டாவை அது பிலடெல்பியாவில் 7-4 என வீழ்த்தியது.

“இவையெல்லாம் விதிவிலக்குகள்” என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். பின்னர் யூனியனும் உபகாரச் சம்பளம் வழங்கத் தொடங்கியது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி திறந்துவிட்டது. இனி அப்படியொரு வெற்றி எளிதில் வாய்க்காது.

ஆனால் என்னைத் தொட்டது கோப்பை அல்ல. ஆடுவதற்குச் சம்பளம் வாங்காத அந்த இளைஞர்களும் வகுப்புக்குப் போனார்கள், தேர்வு எழுதினார்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. நாமோ தேர்வு நெருங்கினால் முதலில் மட்டையைத் தூக்கி எறிகிறோம். பயிற்சி நேரத்திலேயே குழுப்பணிக் கூட்டத்தை வைக்கிறோம். வராதவனைப் பொறுப்பற்றவன் என்கிறோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். “இரண்டுக்கும்தான்” என்று தயங்காமல் சொல்லுங்கள். சொன்னபடி விடியற்காலையில் எழுந்து காட்டுங்கள். என் மட்டையைப் போல் உங்கள் மட்டையும் தூசி படிய வேண்டாம்.