யார் செய்த பாவம்?

வயது இரண்டாகியும் தலை நிற்கவில்லை. கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. இப்படி ஒரு குழந்தை நமது தெருவில் இருந்தால் ஊர் என்ன சொல்கிறது? “பெற்றவள் செய்த பாவம்” என்கிறது. பாவமும் அல்ல, தோஷமும் அல்ல. வளரும் மூளைக்கு நேர்ந்த சேதம் இது. மூளை முடக்குவாதம் என்று பெயர். ஒட்டுவாரொட்டியும் அல்ல.

கஷ்டப் பிரசவமே காரணம் என்று 1861-ல் லண்டன் டாக்டர் லிட்டில் சொன்னார். பின்னாளில் மனோதத்துவத்தில் பேர்பெற்ற பிராய்ட் 1897-ல் வேறு கேள்வி கேட்டார்: கருவிலேயே கோளாறு இருந்ததால்தான் பிரசவம் கஷ்டமாயிற்றோ? அவரது சந்தேகம் வீணல்ல. பல குழந்தைகளுக்குச் சேதம் பிறப்பதற்கு முன்பே நேர்கிறது. மாதம் நிறையாத பிறப்பு, எடைக் குறைவு, இரட்டைக் கரு, கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா போன்ற தொற்று எல்லாம் ஆபத்தைக் கூட்டுகின்றன. பிரசவ நேரத்து மூச்சுத் திணறலும், பிறந்தபின் மூளைக் காய்ச்சலும் உண்டு. காரணமே பிடிபடாத குழந்தைகளும் பலர்.

ஆனால் நிச்சயமாகத் தடுக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. அது பச்சைக் குழந்தையின் காமாலை. பெரும்பாலும் தானே மறையும். அளவு மீறினால் அந்த மஞ்சள் நஞ்சு மூளையில் இறங்கும். கைகால் முறுக்கிக்கொள்ளும், காதும் போகும். 1956-ல் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வார்டு என்ற நர்ஸ் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் வெளுத்திருக்க, துணி மூடிய முக்கோணம் மட்டும் மஞ்சளாக இருப்பதை டாக்டர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1958-ல் வெளியான விளக்கொளிச் சிகிச்சை. முதலில் கண்டவர் பேராசிரியர் அல்ல, வேலை செய்து நின்ற ஒரு நர்ஸ்!

நமது வீடுகளில் காலை வெயில் காட்டுகிறோம்; அது போதாது. முதல் நாளே மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

காமாலை ஏறுவது மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே. கூலி போகிறதே என்று அதற்குள் வீடு திரும்புகிற தாய்மார் எத்தனை பேர்! 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு மகப்பேறு விடுப்பு 26 வாரமாயிற்று. நாற்று நடும் பெண்ணுக்கு அது எட்டவில்லை. அவளுக்கும் கூலியோடு ஓய்வு வேண்டும். மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்க நர்ஸ் வர வேண்டும். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் நீல விளக்கு இருக்க வேண்டும். அது எரியவும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.