இரு நாள் ஓய்வு: வாரங்கல்லா, பீதரா?

நம் சங்கத்து அன்பர்களுள் பலர், ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் சென்று மீள்வதையே பயணம் என்று கொண்டிருக்கின்றனர். அதில் குற்றம் ஏதுமில்லை; பெற்றோரையும் சுற்றத்தாரையும் காணாதிருத்தல் இயலுமோ? ஆயினும் ஐதராபாத்தில் பிறந்து வளரும் நம் மக்களுக்கு இத் தக்காணமே பிறந்த மண் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு வியந்த பிள்ளைகள், நாள்தோறும் தாம் மிதிக்கும் மண்ணின் வரலாற்றை அறியாமல் வளர்வது முறையன்று.

பொங்கலை ஒட்டியும் தசராவை ஒட்டியும் கிடைக்கும் சில நாள் ஓய்வில், ஊர் சென்று திரும்பக் காலமும் பணமும் எல்லார்க்கும் இடந்தருவதில்லை. அத்தகைய நாட்களுக்கு உகந்த ஊர்கள் இரண்டு உள. வடகிழக்கே வாரங்கல், வடமேற்கே பீதர். இரண்டும் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. 1956 வரை இரண்டும் ஐதராபாத் இராச்சியத்திலேயே இருந்தன. மொழிவாரிப் பிரிவினையின்போது பீதர் மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்தது. எவ்வூரை முதலிற் காண்பது என்பதை இம் மாதம் ஆராய்வோம்.

வாரங்கல் காகதியர் தலைநகர். அனுமகொண்டாவிலுள்ள ஆயிரங்கால் கோயில் 1163இல் உருத்திரதேவன் எடுப்பித்தது. கோட்டையினுள் நான்கு திசைக்கும் ஒன்றாக நிற்கும் கல் தோரணங்களை நம் பிள்ளைகள் முன்னரே அறிவர். 2014இல் தெலங்கானா மாநிலம் அமைந்தபோது வகுக்கப்பட்ட முத்திரையில் அத் தோரணமும் சார்மினாரும் இடம்பெற்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் உருத்திரமாதேவி என்னும் பெண்ணரசி இங்கிருந்து ஆண்டதைப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லுதல் நன்று.

எனினும் வாரங்கலின் மகுடம் வாரங்கலில் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், பாலம்பேட்டை என்னும் சிற்றூரில் இராமப்பா கோயில் உள்ளது. 1213இல் இரேச்சர்ல உருத்திரன் என்னும் படைத்தலைவன் எழுப்பிய இச் சிவாலயம், 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அடித்தளத்தின் கீழே மணல் நிரப்பியும், விமானத்தை நீரில் மிதக்கும் அளவு இலேசான செங்கற்களால் அமைத்தும், பாரத்தைக் குறைத்திருக்கின்றனர். கரிய கல்லில் வடித்த நடன மங்கையர் உருவங்களைக் காண்போர் நேரம் போவதறியார்.

பீதரின் இயல்பு வேறு. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாமினி சுல்தான்கள் குல்பர்காவிலிருந்து தலைநகரை இங்கு மாற்றினர். மேட்டு நிலமாதலின் காற்று இனிது. கோட்டை, கல்விக்கூடம், குருநானக்கின் பெயரால் விளங்கும் ஊற்றும் குருத்துவாராவும், அஷ்டூரில் உள்ள சுல்தான்களின் கல்லறை மாடங்கள் ஆகிய யாவும் சில கிலோமீட்டருக்குள் அடங்கும். துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்து, வெள்ளி பதித்து, கோட்டை மண்ணும் நவச்சாரமும் கொண்டு கருமையேற்றும் பீதர்ப் பாத்திரத் தொழிலையும் நேரிற் காணலாம்.

"கோயில் உள்ள ஊரை விட்டு, கல்லறை உள்ள ஊருக்கு ஏன் செல்ல வேண்டும்?" என்று வீட்டுப் பெரியோர் கேட்பதுண்டு. இக் கேள்வியை ஒதுக்கலாகாது. அதற்கு விடை அங்குள்ள கல்விக்கூடத்திலேயே உள்ளது. அதனை 1472இல் எழுப்பிய மகமூது கவான் அந் நாட்டவன் அல்லன். பாரசீகத்துக் கீலான் பகுதியினின்றும் வணிகனாக வந்து, பாமினி அரசின் முதலமைச்சனாக உயர்ந்தவன். மூவாயிரம் நூல்கள் அங்கே இருந்தனவாகக் கூறுவர். 1696இல் நேர்ந்த வெடிவிபத்தில் ஒரு பகுதி சிதைந்தது. எஞ்சிய தூபியிலும் முகப்பிலும் வண்ண ஓடுகள் இன்றும் ஒளிர்கின்றன.

அக் காலத்தில் அரசவை, மண்ணுக்குரியோர் என்றும் வந்தேறிகள் என்றும் இரு கட்சியாகப் பிளவுபட்டிருந்தது. பதவிகளை இரு சாராருக்கும் பங்கிட்டு அப் பகையைத் தணிக்க முயன்றான் கவான். பகைவர் அவன் முத்திரையிட்ட பொய்க் கடிதம் ஒன்றைப் புனைய, அதனை நம்பிய சுல்தான் 1481இல் அவனைக் கொல்வித்து, பின்னர் வருந்தினான். ஐதராபாத்தில் 1952இலும் 1969இலும் 'முல்கி' என்னும் சொல் எழுப்பிய கொந்தளிப்பை அறிந்த முதியோர் நம்மிடையே உளர். வந்த நாட்டில் வாழ்வோர் அந் நாட்டுக்கு எதனை அளிக்க வேண்டும் என்பதற்கு, அக் கல்விக்கூடத்தினும் சிறந்த பாடம் நமக்கு வேறு எது?

இவ்விரு நகரங்களும் தமிழகத்துக்கு அந்நியமும் அல்ல. காகதிய கணபதிதேவன் காலத்துக் கல்வெட்டு காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் உள்ளது. கவான் மடிந்த அதே 1481இல், பாமினிப் படை காஞ்சிவரை சென்று கொள்ளையிட்டது. நன்றும் தீதும் கலந்த அவ் வரலாற்றை மறைக்காமல் பிள்ளைகளுக்குக் கூறுதலே கல்வி.

இனி நம் முடிவு. ஓரிரவே தங்க இயலுமாயின் பீதரையே தேர்க. அங்கு அலைச்சல் குறைவு. ஈரிரவு இருப்பின் வாரங்கல். ஒரு பகல் முழுவதையும் இராமப்பாவுக்கு ஒதுக்குக. அதனை விடுத்து வாரங்கலை மட்டும் கண்டு மீளுதல், விருந்துக்குச் சென்று பாயசம் உண்ணாமல் திரும்புவதை ஒக்கும். ஊரிலிருந்து வந்த பெற்றோர் உடனிருந்து, தரிசனமே அவர்தம் விருப்பமாயின், அப்போதும் வாரங்கலே தக்கது. செகந்தராபாத்திலிருந்து நேர் இரயிலும் உண்டு. மேடாரம் சாதரை இரண்டாண்டுக்கொரு முறை அப் பக்கமே நடைபெறுமாதலின், அந் நாட்களில் இராமப்பா வழியைத் தவிர்க்க. கோடையில் இரண்டுமே வேண்டா. கல் தரை காலைச் சுடும். ஒரே ஓய்வில் இரண்டையும் காண முயல்வோர், பாதையை அன்றி வேறொன்றையும் காணார்.

சென்று வரும் அன்பர்கள், தம் பிள்ளைகள் கண்டு வியந்தவற்றை அப் பிள்ளைகளைக் கொண்டே தமிழில் எழுதச் செய்து நமக்கு அனுப்புவார்களாயின், இப் பகுதியில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.