ஏட்டில் ஏற யோக்கியதை யாருக்கு?

சென்ற வாரம் வாசுதேவநல்லூர் பஸ் நிறுத்தத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில் நமது தோழர்கள் இருவர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கைப்பேசியில் விக்கிப்பீடியாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நெற்கட்டும்செவல் பூலித்தேவருக்குப் பக்கம் இருக்குதுண்ணே. சினிமாக்காரருக்கு இருக்குது. சாமியாருக்கு இருக்குது. நம்ம ஊர் மருத்துவச்சி அம்மாவுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டார். மற்றவர், "அதுக்கெல்லாம் 'குறிப்பிடத்தக்கமை'ன்னு ஒண்ணு வேணுமாம் தம்பி. அது அந்த அம்மாவுக்குக் கிடையாது" என்றார். கேட்டவர் பேசாமல் டீயைக் குடித்தார். நமக்குத்தான் குடிக்க முடியவில்லை.

குறிப்பிடத்தக்கமை என்றால் என்ன? ஒருவரைப் பற்றிக் கட்டுரை இருக்க வேண்டுமானால், அவருக்குச் சம்பந்தமில்லாத, நம்பத்தக்க புத்தகங்களிலோ பத்திரிகைகளிலோ அவரைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அவரே எழுதியதும், அவர் மைத்துனர் எழுதியதும் செல்லாது. இவ்வளவுதான் விதி. இல்லையென்று எவரேனும் ஆட்சேபித்தால் ஏழு நாள் வாதம் நடக்கிறது. தலையை எண்ணி முடிவு செய்வதில்லை, வாதத்தின் பலத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம் என்கிறார்கள்.

இவ்விதியை நாம் எடுத்த எடுப்பில் கண்டிக்க வரவில்லை. "கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று சந்தி சந்தியாய் நின்று கேட்கிற நாம், "இவர் பெரிய மனிதர் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று ஒருவர் கேட்டால் கோபித்துக்கொள்ளலாமா? விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்காசி ரோட்டில் உள்ள பிளெக்ஸ் போர்டுகளைப் பார்த்தால் போதும். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வந்தவரெல்லாம் "வரலாற்று நாயகர்" ஆகிவிடுவார். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருகிறவர்களும் கிளம்பிவிட்ட படியால்தான், கூலிக்கு எழுதுகிறவன் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014இல் நிபந்தனை போட்டார்கள். அன்றியும் இந்த ஏடு 2001இல் இங்கிலீஷிலும் 2003இல் தமிழிலும் தோன்றி, சம்பளம் வாங்காத ஜனங்களாலேயே எழுதப்பட்டு, தமிழில் மட்டும் ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. முன்பு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தபோது அதில் எழுதப் பண்டிதர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்தான் இடம். இன்று கீழப்பாவூர்ப் பையன் எழுதலாம். இது நாம் வரவேற்க வேண்டிய காரியமே.

ஆனால் நாம் கேட்பது வேறு. நம்பத்தக்க ஆதாரம் என்கிறீர்களே, அந்த ஆதாரத்தை எழுதியவன் யார்? எவனைப் பற்றி எழுதினான்? எவனைப் பற்றி எழுதாமல் விட்டான்?

நமது ஊரையே எடுத்துக்கொள்வோம். வாசுதேவநல்லூர்க் கோட்டை பூலித்தேவருடையது. 1759 கடைசியில் யூசுப்கான் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பினார். 1767இல் கர்னல் டொனால்ட் காம்பெல் வந்து பிடித்தார். இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ராபர்ட் ஆர்ம் என்ற வெள்ளைக்காரர் கம்பெனியின் யுத்தங்களைப் பற்றி எழுதிய சரித்திரத்தாலும், கம்பெனிக் கடிதங்களாலும், 1881இல் கால்டுவெல் பாதிரியார் எழுதிய திருநெல்வேலி ஜில்லா சரித்திரத்தாலும் தெரியும். அந்த ஆர்ம் நமது ஊரின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? "வாஷினலூர்"! ஊர்ப் பெயரையே வாயில் நுழையாமல் எழுதினவர் நம்பத்தக்க ஆதாரம். அந்த ஊரில் மண் சுமந்து கோட்டை கட்டினவனின் பேரன், தன் பாட்டன் பெயரைப் பிழையில்லாமல் சொன்னால் அது ஆதாரம் அல்ல!

கம்பெனிக்காரன் யாரைக் குறித்துக்கொண்டான்? கப்பம் கட்ட வேண்டியவனையும் கட்ட மறுத்தவனையும்தான். கோட்டைச் சுவரில் பீரங்கிக் குண்டு விழுந்த ஓட்டையை வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைத்தவனின் பெயர் அவனுக்கு எதற்கு? பூலித்தேவரின் படையில் தளபதியாய் நின்றவர் என்று அருந்ததியர் மக்கள் போற்றும் ஒண்டிவீரனும், தேவேந்திரகுல மக்கள் போற்றும் வெண்ணிக் காலாடியும் இத்தனை காலம் வாழ்ந்தது பெரும்பாலும் பாட்டிலும் வாய்க் கதையிலுமே. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழும்பியது. 2022 ஆகஸ்டில் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. பத்திரிகைகள் பத்தி பத்தியாய் எழுதின. நல்லது, சந்தோஷமே. ஆனால் யோசித்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் நடந்ததைப் பற்றி 2022இல் புதிதாக என்ன தஸ்தாவேஜு கிடைத்தது? ஒன்றும் இல்லை. அந்த மக்களுக்கு ஓட்டு வந்தது, சங்கம் வந்தது, மந்திரிகளுக்கு அவர்கள் தயவு வேண்டியதாயிற்று. மந்திரி மாலை போட்டால் பத்திரிகை எழுதும். பத்திரிகை எழுதினால் ஆதாரம் உண்டாகிவிடும். பலம் இல்லாதவனுக்கு இந்த ஆதாரம் எந்தக் கடையில் கிடைக்கும்?

(ஒண்டிவீரனைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் அப்படியே நடந்தது என்று நாமும் சாதிக்க வரவில்லை. வாய்மொழிக் கதையை வாய்மொழிக் கதை என்று சொல்லியே எழுத வேண்டும். நமக்குப் பிடித்தவர் என்பதற்காகப் புராணம் கட்டினால் பிறகு நமக்கும் புராணிகனுக்கும் என்ன வித்தியாசம்?)

இது நமது தேசத்துச் சங்கதி மட்டும் என்று எண்ணவேண்டாம். கானடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற அம்மையார் இருக்கிறார். 2018 மே மாதம் அவரைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதிக் கொடுக்க, போதிய ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாவில் தள்ளிவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 2ந் தேதி அந்த அம்மையாருக்குப் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபல் பரிசு வந்தது! மேரி கியூரிக்கும் மரியா கோப்பர்ட் மேயருக்கும் பிறகு அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். உடனே பக்கம் முளைத்தது. அவருடைய ஆராய்ச்சி 1985இல் வெளியானது. அந்தக் காரியத்திலேயே அவருடன் சேர்ந்து பரிசு பெற்ற ஆண்பிள்ளைக்குப் பல வருஷங்களுக்கு முன்பே பக்கம் இருந்தது. தள்ளினவர் துரோகி அல்ல. அவர் விதிப்படிதான் தள்ளினார். பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதவில்லை, ஆகவே விக்கிப்பீடியாவிலும் இல்லை. இப்படியாக, ஒருவன் செய்த அநியாயம் மற்றவனுக்கு விதியாகிவிடுகிறது.

அதே ஏட்டில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. முதல்தரக் கிரிக்கெட் பந்தயம் ஒன்றே ஒன்று ஆடியிருந்தாலும் அவரைக் குறிப்பிடத்தக்கவராகக் கொள்ளலாம் என்று 2022 வரையில் இங்கிலீஷ் விக்கிப்பீடியாவில் வழிகாட்டி இருந்து வந்தது. போனார், பூஜ்யத்தில் அவுட் ஆனார், திரும்பினார் என்றாலும் போதும். பிறகு அவர்களே வெட்கப்பட்டோ என்னவோ திருத்திக்கொண்டார்கள். திருத்திக்கொள்ளுகிற புத்தி இருப்பதால்தான் இவர்களிடம் பேசுவதில் பிரயோஜனம் உண்டு என்கிறோம். வேதத்தை எவன் திருத்தினான்?

நிற்க, டீக்கடைத் தோழர் சொன்ன மருத்துவச்சி அம்மையாரை நாம் அறிவோம். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஜாதிக்காரர் வீட்டிலும் பிள்ளைப்பேறு பார்த்தவர். கூப்பிடுகிறபோது நடுராத்திரி, நுழைகிறபோது கொல்லைப்புறம், கூலி ஒரு மரக்கால் நெல்லும் பழைய சேலையும். ஆஸ்பத்திரி வந்த பிறகு, "எனக்கு வேலை போனால் போகட்டும், தாயும் பிள்ளையும் பிழைக்கட்டும்" என்று தாமே கர்ப்பிணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். அவர் இறந்தபோது நாம் ஒரு பத்திரிகையின் நிருபரிடம் போய் நாலு வரி போடும்படி கேட்டோம். "இதில் செய்தி என்ன இருக்கிறது? வேண்டுமானால் விளம்பரமாகப் போடுங்கள்" என்று கட்டணத்தைச் சொன்னார். மறுநாள் அதே பத்திரிகையில் ஒரு சுவாமியார் பல்லக்கிலிருந்து இறங்கிய செய்தி படத்துடன் கால் பக்கம்! இனி ஒருவர் கேட்பார்: "அந்த அம்மையாரைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததுண்டா?" இல்லை. "சுவாமியாரைப் பற்றி?" உண்டு, படத்துடன்.

வாய்ச்சொல்லை ஆதாரமாகக் கொள்ள வழியே இல்லையா? 2011இல் அச்சல் பிரபாலா என்பவரும் மற்றும் சிலரும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிராமங்களுக்குப் போய், புத்தகத்தில் ஏறாத சங்கதிகளைத் தெரிந்தவர்கள் வாயிலாகவே பதிவு செய்து, அப்பதிவை மேற்கோளாகக் காட்டி மலையாளத்திலும் ஹிந்தியிலும் செபெடி பாஷையிலும் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். அம்முறை பொது விதியாக ஏற்கப்படவில்லை. பொய் சொல்லுகிறவனும் பேசுவானே என்ற பயம் நியாயமானதே. ஆனால் பொய் சொல்லுகிறவன் அச்சடிக்கவும் செய்கிறான். ஒருவர் சொன்னதை மூவரிடம் விசாரித்து ஒத்துப் பார்ப்பதற்கு வழி இல்லாமற் போகவில்லை. கோர்ட்டிலே வாய்ச்சாட்சியத்தை வைத்து மனிதனுக்குத் தண்டனையே விதிக்கிறார்கள். அதைவிடவா ஒரு கட்டுரை பெரிது?

நிருபரையும் வெள்ளைக்காரரையும் திட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வதும் யோக்கியமாகாது. நமது தோழர்கள் செய்வது என்ன? தலைவர்கள் வந்தால் மாலை, படம், செய்தி. கூட்டத்துக்கு நாற்காலி தூக்கியவர், கைம்பெண்ணுக்கு மணம் செய்து வைத்து ஜாதிக் கட்டுப்பாட்டுக்கு ஆளாகி ஊரைவிட்டுப் போனவர், இவர்கள் பெயரை எந்த ஆண்டு மலரில் போட்டோம்? ஒவ்வொரு ஊரிலும் நமக்கு வாசகர் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருக்கிறது. எண்பது வயதுக் கிழவியின் வாய்க்கு எதிரே அதைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே வாசுதேவநல்லூர்த் தோழர்கள் இந்த மாதத்திலேயே தொடங்கியிருக்கிறார்கள். அந்த அம்மையார் கையால் பிறந்தவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாய்ச் சென்று விசாரித்து, சொன்னவர் பெயர், வயது, தேதியுடன் எழுதி வருகிறார்கள். இதுவரை பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். இருவர் சொன்னது ஒன்றுக்கொன்று முரணாயிருப்பதால் மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். வீட்டாரின் சம்மதம் கிடைத்ததும் பெயருடனும் படத்துடனும் இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம். மற்ற ஊர்த் தோழர்கள் காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்பவும்.