பின்னிய நேரத்தையும் விலைச்சீட்டில் எழுதுங்கள்

கைவினைக் கண்காட்சிகளில் ஊசி வேலைக் கடைகளைச் சுற்றித்தான் பேரம் அதிகம் நடக்கிறது. 1987 முதல் நடந்துவரும் சூரஜ்குண்ட் மேளாவானாலும், 1994இல் தொடங்கிய தில்லி ஹாட்டானாலும், நம் ஊர்த் திருமண மண்டபங்களில் பத்து நாள் நடக்கும் விற்பனையானாலும் காட்சி ஒன்றுதான். லக்னோ சிக்கன் குர்தா, வங்காளத்துக் காந்தா, தார்வாடு கசூதி, நரசாபுரம் குரோஷே லேஸ், நீலகிரித் தோடர்களின் சால்வை எல்லாம் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு விலைச்சீட்டு இருக்கிறது. சிலவற்றில் ஊர்ப்பெயரும் இருக்கும். செய்து முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது, செய்தவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் எதிலும் இருப்பதில்லை. "இந்தத் துணிக்கா இவ்வளவு?" என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது துணி மட்டுமே. அதில் அடங்கிய நாட்களை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கண்காட்சி நடத்துவோர், முதலில் அரசு நிறுவனங்கள், வேலை நேரத்தையும் செய்கூலியையும் விலைச்சீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கை எல்லாக் கைத்தொழில்களுக்கும் பொருந்தும் என்றாலும், ஊசி வேலைக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. மண்பாண்டத்திலும் மரச்சிற்பத்திலும் மூலப்பொருளின் எடையும் பருமனும் கண்ணுக்குத் தெரியும்; பின்னலில் நூலின் விலை சொற்பம், மற்றதெல்லாம் நேரம். இரண்டு ஊசி கொண்டு பின்னும் பின்னலை இயந்திரம் எப்போதோ கைப்பற்றிவிட்டது. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589இலேயே பின்னல் பொறியை அமைத்தார். இன்றைய திருப்பூர் பனியன் அதன் வழிவந்தது. ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷே அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே இழுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் அந்த வேலையை அப்படியே செய்து தரும் இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைகளுக்கு வாய்க்கவில்லை. தொழிற்சாலையில் இருந்து வருவது அதன் சாயலில் அமைந்த பின்னல்தான். எனவே உண்மையான குரோஷே விரிப்பு ஒன்று எங்கே, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், யாரோ ஒருவர் கையால் உட்கார்ந்து போட்டதாகவே இருக்கும். அந்த மலிவின் சுமையை இயந்திரம் சுமக்கவில்லை, ஒரு மனிதக் கைதான் சுமந்திருக்கிறது. தோடர் எம்பிராய்டரியும் இப்படித்தான். வரைபடம் எதுவும் போடாமல், வெண்துணியின் இழைகளை எண்ணி எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகக் கோத்து எடுக்கிறார்கள். பூத்துக்குளி என்னும் அந்தப் போர்வையை இரு பக்கமும் உடுத்தலாம். வெளியார் உட்பக்கம் என்று நினைக்கும், நூல் மேடு தட்டிய பக்கத்தையே அவர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள்.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். மேசை விரிப்பு ஒன்றுக்கு இருபது மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி எதுவும் கேட்காத வேலைக்குரிய கூலியைக் கொடுத்தாலே 840 ரூபாய் ஆகிறது. அதையே கடையில் 400 ரூபாய்க்கு வாங்கினோமானால், நூல் விலை, வண்டிச் செலவு, கடை வாடகை, வியாபாரியின் லாபம் எதையும் கழிக்காமலேயே செய்தவருக்கு மணிக்கு 20 ரூபாய்க்கு மேல் கிடைத்திருக்க வழியில்லை. ஆண்டுக்கணக்கில் பழகிய விரல்களுக்கு வரப்புக்கு மண் அணைக்கும் கூலியில் பாதிகூட இல்லை. மணிக்கணக்கு சீட்டில் இருந்தால் இந்த வகுத்தலை வாங்குபவரே நின்ற இடத்தில் போட்டுக்கொள்வார்.

"இதெல்லாம் பெண்கள் வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்வது; இதற்குப் போய்க் கூலிக் கணக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குறைந்த விலையைத் தாங்கி நிற்கும் தூணே இந்த எண்ணம்தான். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதி லேஸ் பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டியது. வீட்டு வேலை முடித்து நாள்தோறும் பல மணி நேரம் பின்னியவர்கள், தொழிலாளி என்ற பெயரே இல்லாமல் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள். ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். முழு விரிப்பு எந்த நாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்பது இருவருக்கும் தெரியாது. விற்பனையும் ஏற்றுமதியும் ஆண்கள் கையில் இருந்தன. ஓய்வு நேரம் என்ற சொல் அவர்களுக்கு ஓய்வைத் தரவில்லை, கூலியைத்தான் குறைத்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, பொருளை வாங்கிப்போய் வீட்டில் செய்து கொடுப்பவரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் சேர்த்திருந்தது. வீட்டில் இருந்து வேலை செய்வோரை மற்றக் கூலியாட்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் உலகத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

ஊசி வேலைக்குரிய பணம் செய்தவர் கைக்கே போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தென்கோடியிலேயே சான்று இருக்கிறது. நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். போர்த்துகீசியத்திலிருந்து வந்த ரேந்தை என்ற சொல்லால் தமிழில் வழங்கிய அந்த வேலையில் ஈட்டிய காசைக் கொண்டு, அடிமைப்பட்டிருந்த பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்தால் அந்தக் காசின் எடை புரியும். மார்த்தாவின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தத் தொழிலையும் கொண்டுபோனார். நாகர்கோவிலில் விடுதலையை வாங்கித் தந்த லேஸ் வேலை, நரசாபுரத்தில் கைச்செலவுக்குக்கூடப் போதாததாக ஆனது. கையுழைப்பு மாறவில்லை. கணக்கு யார் கையில் இருந்தது என்பதுதான் மாறியது.

உழைப்புக்கேற்ற விலை வைத்தால் வாங்க ஆளிருக்காது என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சில பொருட்கள் விற்காமல் போகலாம். ஆனால் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யக் கொடுக்கும் குடும்பங்களைப் பாருங்கள். கழுத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு, எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். அதுவும் ஊசி வேலைதான். அங்கே செய்பவர் முன்னால் இருக்கிறார், வேலையின் அளவு தெரிகிறது. அதனால் விலை நியாயமாகப் படுகிறது. நம் மக்கள் கைவேலைக்குப் பணம் தர மறுப்பவர்கள் அல்லர். எதற்குத் தருகிறோம் என்று தெரியாதபோதுதான் மறுக்கிறார்கள்.

ஒருத்தி பத்து மணி நேரத்தில் முடிப்பதை மற்றொருத்தி பதினைந்தில் முடிப்பாளே, நேரத்தை எப்படி நம்புவது என்றும் கேட்கலாம். ஒவ்வொரு வடிவத்துக்கும் பல பேரின் வேலையை அளந்து பொது நேரம் ஒன்றைக் குறித்துவிட்டால் போதும். கைவேகம் உள்ளவருக்கு அதன் பலனும் கிடைக்கும். பொய் எழுதுவார்களே என்றால், எடையிலும் பொய் சொல்பவர்கள் உண்டு, அதற்காகத் தராசை யாரும் ஒழித்துவிடவில்லை. புவிசார் குறியீடு இருக்கும்போது இது எதற்கு என்பாருக்கும் பதில் உண்டு. தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் அந்தக் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான். அது ஊரின் பெயரையும் கலையின் பெயரையும் காக்கிறது. செய்பவரின் கூலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பொழுதுபோக்காகப் பின்னுவோர் குறைந்த விலைக்குக் கொடுப்பதால் தொழிலாகச் செய்வோர் பாதிக்கப்படுகிறார்கள் என்ற மனக்குறையும் உண்மையானதே. 2016இல் சென்னையில் பல பெண்கள் சேர்ந்து பின்னி இணைத்த, 11,000 சதுர மீட்டருக்கும் மேல் பரந்த குரோஷே போர்வை கின்னஸ் சாதனையானது. ஆசைக்காகப் பின்னும் கைகள் நம்மிடம் எவ்வளவு இருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அவர்கள் பின்னலைத் தானமாகக் கொடுக்கட்டும், அன்பளிப்பாகக் கொடுக்கட்டும், அது அழகு. விலைக்கு வைக்கும்போது மட்டும் நேரத்தையும் எழுதட்டும். தன் நாற்பது மணி நேரத்தை எழுதிய கை, பக்கத்தில் இருநூறு ரூபாய் என்று எழுதத் தயங்கும். அந்தத் தயக்கம் அடுத்த கடையில் அதையே நம்பிப் பிழைப்பவளுக்குப் பாதுகாப்பு.

கடை ஒதுக்கும் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் இதைத் தொடங்கிவிடலாம். பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களும் மகளிர் குழுக் கண்காட்சிகளும் முன்கை எடுத்தால் மற்றவை பின்தொடரும். அதுவரை வாங்குவோர் நாமே கேட்கலாம்: யார் செய்தது, எத்தனை நாள் ஆனது, அவருக்கு எவ்வளவு கிடைத்தது? பதில் தெரிந்த கடைக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார். தெரியாதவர் அடுத்த கண்காட்சிக்குள் தெரிந்துகொண்டு வருவார். அப்படித் தெரிந்துகொள்ளப் போகும்போது, பின்னியவளின் வீட்டுத் திண்ணையில் முதன்முறையாக அந்தக் கணக்கு பேசப்படும்.