ஆயிரம் என்று எழுதாதீர்கள்

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றிருக்கிறீர்களா? அங்கே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 953. நாற்பத்தேழு குறைகிறது. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயிரம் என்றால் ஏராளம் என்று பொருள் கொள்வது நம் வழக்கம். கணிப்பொறிக்கு அந்த வழக்கம் தெரியாது.

இம்மண்டபத்தைப் பற்றி நீங்கள் ஒரு வலைப்பக்கம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். தூணுக்கு ஒரு படம். படத்தின் கீழே தூணின் உயரம். உயரங்களைக் கூட்டிச் சராசரி காண ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சுழற்சி எழுதுகிறீர்கள். ‘ஆயிரம் முறை சுற்று’ என்று எழுதிவிட்டால்? 953 படங்களும் முடிந்தபின் அடுத்ததைக் கேட்டால் ‘அன்டிஃபைன்ட்’ என்று பதில் வரும். அதனிடம் உயரத்தைக் கேட்டதும் நிரல் நின்றுவிடும். நிற்பது நல்லதே, தவறு உடனே தெரிகிறது. சிலர் ‘இல்லாததைத் தாண்டிப் போ’ என்று ஒரு வரி சேர்த்து அதன் வாயை அடைத்துவிடுவார்கள். அப்போதுதான் ஆபத்து. கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆனால் அதை 1000-ஆல் வகுப்பீர்கள். எல்லாத் தூண்களும் 10 அடி என்றே வைத்துக்கொண்டாலும் (கணக்குக்காகச் சொல்கிறேன்) சராசரி 9.53 அடி என்று விடை வரும். பார்த்தால் நம்பும்படியான எண். யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆகவே, எண்ணிக்கையை நீங்கள் எழுதாதீர்கள், பட்டியலையே கேளுங்கள். ‘லெங்த்’ என்று கேட்டால் 953 என்று சொல்லும். நாளை ஒரு படத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் 952 என்று சொல்லும். வரிசை எண் 0-இல் தொடங்குவதால் கடைசித் தூணின் எண் 952 என்பதை மறக்க வேண்டாம். ‘953-க்குக் குறைவாக உள்ளவரை’ என்பதற்குப் பதில் ‘953 வரை’ என்று எழுதி நானும் விழித்திருக்கிறேன்.

சுழற்சியைக் கற்பிக்கும்போது பல வகுப்புகளில் ‘1 முதல் 10 வரை அச்சிடு’ என்றே தொடங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும்’ என்ற வகைச் சுழற்சியை முதலில் சொல்லித் தரலாம். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அது உண்டு. எண்ணத் தெரியாத குழந்தைகூடத் தூண் தூணாகத் தொட்டுக்கொண்டே நடந்து மண்டபத்தைச் சுற்றி முடித்துவிடும் அல்லவா? அதே முறைதான். ஒன்றுவிட்டு ஒன்றாகப் படங்களுக்கு நிறம் மாற்றும்போது வரிசை எண் தேவைப்படும். அப்போது கற்றுக்கொண்டால் போதும்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கோபுரங்கள் 21. அவற்றுக்கும் ஒரு பக்கம் அமைத்து, பெயர்களை வரிசையாக அச்சிட ஒரு நிரல் எழுதிப் பாருங்கள். அந்த நிரலில் 21 என்ற எண் எங்கும் வரக்கூடாது.