சாரல் வீடும் நமது தோட்டமும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரமெங்கும் வெளியூர் அன்பர்கள் நிறைந்துவிடுகின்றனர். அவர்களுள் வசதி படைத்தோர் சிலர், மலையடிவாரத்தில் சொந்தமாகவே ஓர் ஓய்வு இல்லம் அமைத்துக்கொள்ள விரும்புகின்றனர். புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டங்களும் அவர்கள் கண்ணில் படக்கூடியவையே. இது குறித்து நம் சங்க அங்கத்தினர்கள் இப்பொழுதே யோசித்து வைப்பது நலம்.

புதுமையான வீடு கூடாதென்பது நமது கட்சியன்று. ஆயின், சுற்றிலும் கண்ணாடியும் மேலே தட்டைத் தளமுமாக நகரத்து வீட்டைப் பெயர்த்து இங்கே வைப்பது புதுமையாகாது. ஆனி, ஆடியில் மேல்காற்றும், ஐப்பசி, கார்த்திகையில் பெருமழையும், சித்திரையில் கடும் வெயிலும் காணும் ஊர் இது. கண்ணாடிக்குள் புகுந்த வெப்பத்தை வெளியேற்ற மின்சாரத்தையே நம்பவேண்டி வரும்.

குழித்தறி நெசவாளர் தம் வீட்டில் முதலில் தறிக்கு இடம் வகுத்த பின்னரே மற்றவற்றுக்கு இடம் தேடுகிறார். மண்ணின் ஈரம் நூலை அறாமல் காக்கும் என்பதை அறிந்தே குழியில் அமர்கிறார். தொழிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ப வீடு அமையவேண்டும் என்ற பாடத்தை நாம் பிறரிடம் கற்கவேண்டியதில்லை.

இப்பாடத்தைப் பெரிய நிபுணர்களும் போற்றினர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். இதனால் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். வெப்பமும் எளிதில் உட்புகாது. தளத்தின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டின் செலவைக் குறைத்தார். துவாரச் சுவர்களால் காற்றையும் ஒளியையும் வரவழைத்தார். இலங்கையில் ஜெஃப்ரி பாவா, பெந்தோட்டைக்கு அருகே 1948-இல் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, லுனுகங்கை என்னும் தம் ஓய்வு இல்லத்தையும் சோலையையும் பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் செப்பனிட்டார். அங்கே தோட்டத்தை அழித்து வீடு எழவில்லை. தோட்டமும் வீடும் ஒன்றாகவே வளர்ந்தன. இன்றும் உலகெங்குமிருந்து மக்கள் வந்து அதைக் காண்கின்றனர்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். எலுமிச்சை ஆண்டுதோறும் பலன் தருவது; நிலத்தை விற்ற பணமோ ஒருமுறை வந்து கரைந்துபோவது. நிலத்தை விற்றபின் அடுத்த கிணற்றின் நீருக்கும் போட்டி எழலாம். ஓய்வு இல்லத்துக்குத் தேவை இருக்குமாயின், நாமே கூட்டுறவு முறையில், பயிரிடத் தகாத மேட்டு நிலத்தில், சிறிய அளவில் ஒன்றிரண்டு கட்டிப் பார்க்கலாகாதா? உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் கட்டட்டும். திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் நம் தறியிலிருந்து வரட்டும். கூரைநீர் கிணற்றுக்கே திரும்பட்டும். சாரலை அனுபவிக்க வருவோர் கொடுக்கும் வாடகை, தோட்டக்காரருக்கும் நெசவாளருக்கும் பங்காகக் கிடைக்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை அங்கத்தினர்கள் விவாதிக்கவேண்டும். வீட்டின் அழகை விருந்தினர் மெச்சட்டும். நிலத்தின் உரிமை நம்மிடமே இருக்கட்டும்.